கருப்புக் கரை போட்ட அழைப்பிதழ்

பாம் பீச்,
மார்ச் 9, 1987

பிரமுகர்கள் பக்கத்தின் ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய திரு. கல்வர் அவர்களுக்கு,

ஓய்வு பெற்ற ஆசிரியை எடித் பெம்பர்டனின் வணக்கம். தாங்களும் தங்கள் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன்.

நாற்பது வருடங்களுக்கு முன்பு, ஒன்பது வயது டாஃப்னி என் வகுப்பில் எழுந்து, "டீச்சர், எல்லாரும் நம்மளையே பாக்கணும்னா நல்லவளா இருக்கணுமா, சிரிக்க வெச்சாப் போதுமா?" என்று கேட்டாள். சிரிக்க வைத்தால் போதும் என்று சொல்லித் தொலைத்தேன். அன்று மதியமே தலைமையாசிரியை போல நடந்து காட்டினாள். ஜன்னல் வழியே பார்த்த தலைமையாசிரியையும் சிரித்துவிட்டார். அந்தக் காலத்துக் கேலி வகுப்பறையைத் தாண்டாது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது மாதம் ஒருமுறையாவது உங்கள் பத்திரிகைப் பக்கத்தில் வராவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. சனிக்கிழமை தன் விவாகரத்துக்கு இறுதிச் சடங்கு விருந்து வைத்தாள். வாடகைச் சவப்பெட்டி, அதற்குள் முன்னாள் கணவர் ராண்டால்ஃபின் கால்ஃப் மட்டைகள், 'ராண்டால்ஃபுடனான திருமணம் காலமானது' என்று கருப்புக் கரை போட்ட அழைப்பிதழ். நம் ஊர்ப் பெரியவர்கள் கருப்புக் கரையைக் கண்டால் சாவுதான் என்று பெயருக்குமேல் படிக்க மாட்டார்கள், உடனே பூக்கடைக்குப் போன் செய்வார்கள், நானும் செய்தேன், மூக்குக் கண்ணாடி வேறு குளியலறையில் இருந்தது, ஆக மொத்தம் பதினொரு மலர் வளையங்கள் ராண்டால்ஃபின் அம்மா, எண்பத்தெட்டு வயது ஹாரியட் வீட்டு வாசலில் போய் இறங்கின.

நான் துக்க உடையில் விருந்துக்குள் நுழையும்போது போன் அடித்தது. ஹாரியட்டுக்குக் காது மந்தம். அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"டாஃப்னி, எம் புள்ள போயிட்டானாமே! எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!"

"ஐயோ அத்தே, அவருக்கு ஒண்ணுமில்ல! கலிஃபோர்னியாவுல கல்லு மாதிரி இருக்காரு! இது சும்மா தமாஷு!"

"தமாஷா? இனிமே என்னை அத்தேன்னு கூப்பிடாதே!"

விவாகரத்துக்குப் பிறகும் ஞாயிறுதோறும் ஹாரியட்டுடன் சீட்டாடப் போகிறவள் டாஃப்னி. அவளுக்கென்று வேறு யாரும் இல்லை. சவப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். நடிப்பென்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். உங்கள் ஆள் படம் எடுத்தார்.

அந்தப் படம் வெளிவந்தால் ஹாரியட் அவளை மன்னிக்கவே மாட்டார். தயவுசெய்து போடாதீர்கள்.

தங்கள் வீட்டில் அனைவரும் நோய்நொடியின்றி இருக்க வாழ்த்தும்,
எடித் பெம்பர்டன்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஹாரியட்டே கூப்பிட்டார். செய்தி கேட்டு, தான் சாகவில்லை என்று காட்ட ராண்டால்ஃப் நேற்றே விமானம் பிடித்து வந்துவிட்டானாம், நாலு வருடத்தில் முதல்முறை. போட்டோ விஷயத்தையும் சொன்னேன். "நேத்து அந்தக் கழுத டாஃப்னி சீட்டாட வரல எடித், அடுத்த ஞாயிறு வரச் சொல்லு. அந்தப் போட்டோவ நல்லாப் பெருசாப் போடச் சொல்லு, எம் புள்ளைய வரவெச்ச தமாஷாச்சே!" ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். தாங்களும் இன்று தங்கள் அம்மாவுக்கு ஒரு போன் செய்து, வேடிக்கையாக எதுவும் பேசாமல், உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.