பவளத்தைத் தின்னாத கிளாத்தி

திருநகர், மதுரை.
ஆடி மாதக் கடைசி நாள், 1983.

உயர்திரு முத்திருளன் எம்.எஸ்ஸி. அவர்களுக்கு,

தங்கள் அக்காவைக் கட்டிய ஒரே காரணத்தால் தங்களுக்கு மச்சானாகிப் போன காசிமாயன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்கா சோணையம்மாளும் கல்யாணப் பெண் அன்னக்கொடியும் நலம். கண்ணாடித் தொட்டியில் சிங்க மீன் நலம், கிளாத்தி மீன் நலம், பவளமும் நலம். இந்தக் கடைசி இரண்டு சொற்களை இன்னொரு முறை படிக்கவும். பவளமும் நலம். தங்கள் நலத்தையும், இராமநாதபுரம் கல்லூரியில் தங்களிடம் விலங்கியல் படிக்கிற பிள்ளைகளின் நலத்தையும் அறிய ஆவல். அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அன்னக்கொடிக்குப் பரிசம் போட்ட அன்று தாங்கள் செய்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இருக்கிறார்கள், சம்பந்தி சுருளி பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறார், தாங்கள் கை கழுவிவிட்டு வந்து என் தொட்டி முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, "என்ன மச்சான், உசுருள்ள பவளத்தையும் கிளாத்தியையும் ஒரே தொட்டியில விட்டிருக்கீக? அது பல்லைப் பாத்தீகளா? நண்டு ஓட்டையே நொறுக்குற பல்லு. பவளத்தைக் கரும்பாட்டம் கடிச்சுத் துப்பிரும். இந்தச் சிங்க மீனு அதுக்கு மேல. முதுகு முள்ளு அம்புட்டும் விஷம். வாய்க்கு அடங்குற மீனு எதுவா இருந்தாலும் முழுங்கிப்புடும். கல்யாண வீட்டுல வைக்கிற பொருளா இது?" என்றீர்கள். நான் மரியாதையாக, "மாப்ள, நீ புஸ்தகத்துல பாத்த மீனு வேற, நான் இறால் போட்டு வளக்குற மீனு வேற" என்றேன். இதில் என்ன தப்பு? உடனே தங்களுக்கு ரோஷம் வந்து, பந்தி முழுவதும் கேட்கும்படி, "ஆடி முடியிறதுக்குள்ள பவளம் மொட்டையாகும். ஆகலேன்னா மேளதாளத்தோட நானே முன்ன நின்னு சீர் கொண்டு வாரேன். ஆச்சுன்னா, தொட்டியைத் தெருவுல தூக்கிப் போட்டாத்தான் தாய்மாமன் சீர் இந்த வாசப்படி ஏறும்" என்று சபதம் போட்டுவிட்டு, வெற்றிலை கூடப் போடாமல் பஸ் ஏறினீர்கள். தாய்மாமன் மாலை எடுத்துத் தராமல் நம் பக்கத்தில் எந்தப் பெண் மணையில் உட்கார்ந்திருக்கிறாள்? அன்று முதல் தங்கள் அக்கா எனக்குச் சோறு போடும்போது முகத்தைச் சுவரைப் பார்த்து வைத்துக்கொண்டாள். அன்னக்கொடி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "மீனா நானான்னு முடிவு பண்ணிக்கங்கப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். இப்படிக் குடும்பத்தையே எனக்கு எதிராக நிறுத்திவிட்டுப் போன ஆளைத் தாங்கள், நீங்கள் என்று எழுதக் கை கூசுகிறது. இனி நீ தான்.

கேள் மாப்ள. இந்தத் தொட்டி வித்தையை நான் யாரிடமும் கேட்டுக் கற்கவில்லை. கேட்டால் தப்பாகச் சொல்லிவிடுவார்கள். கப்பலூர்ப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து பம்பு செய்த கை இது. இரும்புச் சட்டம் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து முதல் தொட்டி உடைந்து கூடத்தில் கடல் வந்தது உண்மைதான், உன் அக்கா அதைச் சொல்லியிருப்பாள், அடுத்த தொட்டியைத் தேக்குச் சட்டத்தில் போட்டேன் என்பதைச் சொல்லியிருக்க மாட்டாள். தண்ணீருக்கு சேக் இஸ்மாயில் இருக்கிறார். மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் லாரி ஓட்டுகிற மனிதர், வரும்போதெல்லாம் பால் கேனில் கடலையும் கொஞ்சம் கொண்டுவந்து இறக்குவார். கிளாத்தியும் அவர் வலைக்காரர்களிடம் வாங்கிக் கொடுத்ததுதான், உள்ளங்கை அளவு, மஞ்சள் வால், கீழ்வரிசையில் இடப்பக்கப் பல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். "அண்ணே, இதைக் கறிக்கே யாரும் வாங்க மாட்டாக, நீங்க வளக்கப் போறேங்குறீக, அல்லா மேல பாரத்தைப் போட்டுத் தாரேன்" என்றார். என் கணக்கு ரொம்ப எளிது. பசித்தால்தான் எந்தப் பிராணியும் கண்டதையும் கடிக்கும். கிளாத்திக்குப் பசியே தெரியாமல் வைத்திருந்தால் பவளத்தை அது ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறது? இது உன் எம்.எஸ்ஸி. பாடத்தில் இருக்கிறதா?

ஆனாலும் ஆடி என்னைச் சும்மா விடவில்லை. கரண்டு ஒரு நாளில் இருப்பதை விட இல்லாதது அதிகம், காற்று பம்பு நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும், நான் சைக்கிள் பம்பில் ரப்பர் குழாயைச் சொருகி வீட்டில் இருக்கிற ஆளுக்கெல்லாம் முறை போட்டேன், உன் அக்கா ஒரு கையால் புளியைக் கரைத்துக்கொண்டே இன்னொரு கையால் அடித்தாள். அந்த நேரம் பார்த்து நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பந்தல் விஷயம் பேசச் சம்பந்தி சுருளி வந்து சேர்ந்தார். வாங்க என்று கேட்குமுன் பம்பு அவர் கைக்குப் போய்விட்டது. அதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை, நான் குழாயைப் பிடிக்க வேண்டியிருந்தது, உன் அக்கா காபி போடப் போனாள், அன்னக்கொடி வருங்கால மாமனார் முன்னால் வரக் கூடாது. மனிதர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அடித்தார். "என்ன சம்பந்தி, பந்தல் விசயமா வந்தேன்" என்றார். "அடிச்சுக்கிட்டே பேசுங்க" என்றேன். எம்புட்டு நேரம் என்று கேட்டார், கரண்டு வரும் வரைக்கும் என்றேன். அவர் மூச்சு வாங்கித் தொட்டி விளிம்பில் முகத்தைக் கொண்டுபோகவும், கிளாத்தி மேலே வந்து ஒரு வாய் தண்ணீரை அவர் மூஞ்சியில் பீச்சியது. நான் கல்யாணம் நின்றது என்றே முடிவு செய்தேன். ஆனால் சுருளி கோபப்படவில்லை மாப்ள. முகத்தைத் துடைக்காமல் அந்த மீனையே பார்த்தார். பிறகு பந்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போனார். அன்று முழுவதும் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கிளாத்தி மட்டும் சாப்பிட்டது.

அடுத்து ஆடி அமாவாசை. இந்த வருடம் வைகையில் மணல்தான் ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும். இராமேஸ்வரம் போக முடியாதவர்கள் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க இடமில்லாமல் திண்டாடினார்கள். உன் அக்கா சும்மா இருந்திருக்கலாம். எதிர்வீட்டு மாயக்காள், "ஒங்க வீட்டுல அது எந்தத் தண்ணி?" என்று கேட்டதற்கு, "ராமேஸ்வரத்துப் பக்கத்துக் கடலு" என்று பெருமைக்குச் சொல்லியிருக்கிறாள். அமாவாசை அன்று காலையில் கதவைத் திறந்தால் தெருவே செம்போடு நிற்கிறது. மண்டபம் வேறு, இராமேஸ்வரம் வேறு என்று நான் கத்தினேன். "கடலுக்குள்ள என்ன வேலியா போட்டிருக்கு?" என்று மாயக்காள் கேட்டாள். தண்ணீர் மொள்ளக் கூடாது, கையை உள்ளே விடக் கூடாது, சிங்க மீன் முள் பட்டால் ஆஸ்பத்திரி என்று வாசலில் நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்தேன். கையைத்தானே விடக் கூடாது? கும்பிட்டுவிட்டு மேலேயிருந்து எள்ளைத் தூவினார்கள். நான் வடிகட்டித் துணியோடு ஓடினேன். அதற்குள் மாயக்காள் தன் மாமனாருக்கென்று பிடித்து வைத்திருந்த சோற்று உருண்டையைத் தண்ணீரில் நழுவ விட்டாள். கிளாத்தி ஒரே பாய்ச்சலில் வந்து அதைக் கவ்வியது. காக்கை சோறு எடுக்காவிட்டால் நம் ஆட்கள் என்ன பாடுபடுவார்கள் என்று நீ பார்த்திருக்கிறாய். இங்கே மீன் எடுத்துவிட்டது! "ஏத்துக்கிட்டாக! எங்க மாமா ஏத்துக்கிட்டாக!" என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசை பஸ் ஸ்டாப் வரைக்கும் போனது.

அந்த வரிசையில் வேட்டி மடித்துக் கட்டி, கையில் வாழை இலைப் பொட்டலத்தோடு, நம் சம்பந்தி சுருளி நின்றார். அவர் பொட்டலத்தைப் பிரித்து உருண்டையை விட்டார். கிளாத்தி வந்தது, தின்றது, தலையை மேலே தூக்கி மறுபடியும் அவர் மூஞ்சியில் பீச்சியது. சுருளி தொட்டியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "அப்பாரு! எங்கப்பாருதான்! அன்னைக்கே எனக்குச் சந்தேகம். இந்தா பாருங்க சம்பந்தி, எடப்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கிற பல்லு. அப்படியே எங்கப்பாரு. சோத்துல உப்பில்லேன்னா செம்புத் தண்ணியை இப்படித்தான் என் மூஞ்சியில ஊத்துவாரு!" என்றார். நான் பகுத்தறிவுள்ளவன், பட்டறையில் சங்கத் தலைவனாக இருந்தவன், இதை மறுக்க வாயைத் திறந்தேன். அன்னக்கொடி கதவிடுக்கிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். சுருளி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் தீர்ப்புச் சொன்னார்: "தொட்டி இந்த எடத்தை விட்டு அசையக் கூடாது. எங்கப்பாரு கண்ணு முன்னாடிதான் தாலி ஏறணும். எவனாச்சும் தொட்டியைத் தூக்கச் சொன்னா அவன் எனக்குச் சம்பந்தக்காரனே இல்லை." மாப்ள, அந்த எவனாச்சும் யார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று முதல் சுருளி வீட்டிலிருந்து தினமும் சோற்று உருண்டை வருகிறது. தின்று தின்று கிளாத்தி மணியக்காரர் மாதிரித் தொந்தி போட்டு, நீந்தச் சோம்பி, தொட்டி நடுவில் அப்படியே நிற்கிறது. பவளத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பசியில்லாத பிராணி கடிக்காது என்ற என் கணக்கு நிரூபணமாகிவிட்டது. சம்பந்தியின் அப்பா இருக்கிற வீட்டில் கவிச்சி கூடாது என்று உன் அக்கா அமாவாசையிலிருந்து சேக் இஸ்மாயிலின் இறாலைப் படிக்கு வெளியே நிறுத்திவிட்டாள். அதனால் சிங்க மீனும் விரதம். அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. இறகையெல்லாம் விரித்துக்கொண்டு நாள் முழுக்கக் கிளாத்தியின் பக்கத்திலேயே, அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நிற்கிறது. கூட இருக்கும் மீனை முழுங்கும் என்று சொன்ன விலங்கியல் நிபுணர் வந்து இந்தப் பாசத்தைப் பார்க்க வேண்டும்.

ஆடி முடிந்தது. பவளம் இருக்கிறது. ஆகவே நீ தோற்றாய். ஆவணி முகூர்த்தத்துக்கு, நீ உன் வாயாலேயே சொன்னபடி, மேளதாளத்தோடு முன்னே நின்று சீர் கொண்டு வருகிறாய். வந்ததும் நேராகக் கூடத்துக்குப் போய் என் தொட்டி முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டி, "மச்சான், எனக்கு மீனைப் பத்தி ஒன்னும் தெரியாது" என்று பந்திக்குக் கேட்கிற குரலில் சொல்கிறாய். இதில் ஒரு எழுத்துக் குறையவும் நான் சம்மதிக்க மாட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. சேக் இஸ்மாயில் இன்று லாரியில் உன் ஊர் வழியாக மண்டபம் திரும்புகிறார், அவரே உன் கையில் கொடுத்து, நீ படிக்கும்போது உன் முகம் எப்படிப் போனது என்பதை எனக்கு வந்து சொல்வார்.

உன் வீட்டில் எல்லாருக்கும் என் ஆசிகள். குலதெய்வம் உனக்கு நல்ல புத்தியையும், நம் பிள்ளை அன்னக்கொடிக்கு நிறைந்த வாழ்வையும் தரட்டும். உன் அக்கா இப்போது என் முகத்தைப் பார்த்துச் சோறு போடுகிறாள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெயித்த மச்சான்,
காசிமாயன்.

பின்குறிப்பு: பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உறையை ஒட்டப் போகும்போது அன்னக்கொடி வந்து, "அப்பா, சுருளி மாமாவோட அப்பாரைக் காணோம்" என்றாள். தொட்டியில் சிங்க மீன் மட்டும் இருக்கிறது. வயிறு பானை மாதிரி. வாயோரத்தில் மஞ்சள் வால் நுனி தெரிந்தது, நான் கண்ணாடி போட்டுப் பார்ப்பதற்குள் அதுவும் உள்ளே போய்விட்டது. பவளத்தில் ஒரு துணுக்குக் கூடக் குறையவில்லை என்பதையும், தங்கள் சபதம் பவளத்தைப் பற்றியது மட்டுமே என்பதையும், ஆகவே ஜெயித்தது நான்தான் என்பதையும் மீண்டும் பதிவு செய்கிறேன். தங்கள் அக்கா மறுபடியும் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சம்பந்தி அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தொட்டி மேல் போர்வை போர்த்தி வைத்திருக்கிறேன், முகூர்த்தம் வரை தாங்கும் என்று தோன்றவில்லை. தாங்கள் தொட்டி முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டாம். மேளதாளமும் தங்கள் விருப்பம். பிடி சோறு கூட உண்ணாமல் உடனே மண்டபம் போய், சீரை இந்த வாரமே சேக் இஸ்மாயில் லாரியில் கொண்டுவரவும். தட்டு வரிசையில் தேங்காய் குறைந்தாலும் பாதகமில்லை, நடுவில் பட்டுத்துணி மூடிய ஒரு வாளி அவசியம் இருக்க வேண்டும். உள்ளங்கை அளவு, மஞ்சள் வால். பல் துருத்தியிருப்பது இடப்பக்கம்தானா என்று தாங்களே விரலை வைத்துப் பார்த்து வாங்கவும். சுருளி முதலில் பல்லைத்தான் பார்ப்பார்.