வேன் அக்காவின் முன் சீட்டு

மலாக்கா மாநிலத்தில் அதிகம் பேருடைய கண்ணைப் பார்த்தவர் எந்தக் கண் டாக்டரும் இல்லை, எங்கள் பள்ளி வேன் ஓட்டிய அக்காதான். கண் என்றால் கண்கூட இல்லை, கீழ் இமையின் உட்பக்கம். கட்டைவிரலால் இமையைக் கீழே இழுத்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேனில் கால் வைக்க விடுவார்.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. இத்தனை வருடம் பழகிவிட்டுப் பெயர் கேட்காமல் இருந்தது மரியாதைக் குறைவோ என்று எழுதும்போதுதான் உறைக்கிறது. ஆனால் அவருக்கும் எங்கள் பெயர் தெரியாது. நாங்கள் ஏறுகிற இடம்தான் எங்கள் பெயர். அலோர் காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து முச்சந்தியில் நான் ஏறுவேன். அதனால் நான் ‘செம்பனை’. கோழிக்கடை வாசலில் ஏறிய என் தோழி சுபா, ஐந்தாம் படிவம், அதாவது பதினொன்றாம் வகுப்பு, முடியும்வரை ‘கோழி’யாகவே இருந்தாள்.

“ஏய் செம்பனை, கண்ணக் காட்டு.”

“லேட்டாச்சுக்கா.”

“ஸ்கூலு எங்கயும் ஓடிப் போகாதுலா. காட்டு.”

இமை வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு, முன் சீட்டு. அதுதான் சட்டம். பின்னால் தோழிகள் சிரித்துக்கொண்டு வருவார்கள். முன் சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் தனியாக, மடியில் ஒரு டப்பாவோடு உட்கார வேண்டும். டப்பாவில் வறுத்த நெத்திலி, அவித்த கொண்டைக்கடலை, பேரீச்சம்பழம், நறுக்கிய கொய்யா. பள்ளிக் கேட்டு வருவதற்குள் தீர்ந்திருக்க வேண்டும். இறங்கும்போது மூடியைத் திறந்து பார்ப்பார். வகுப்புக்குள் நெத்திலி வாசனை நுழைந்தால், இன்றைக்கு முன் சீட்டு யார் என்று மலாய் ஆசிரியைக்குக்கூடத் தெரிந்துவிடும். இரண்டாம் படிவம் முழுவதும் அந்த வாசனை நான்தான்.

“எதுக்குக்கா இதெல்லாம்?” என்று கோழி ஒரு நாள் துணிந்து கேட்டாள்.

“காலையில சபைகூடல்ல எல்லாரும் வெயில்ல நிக்கிறப்ப ஒரு பொண்ணு மயங்கி விழுந்தா, யாரு வேன்ல வந்த பொண்ணுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. என் வேன் மானம் போகும்லா!”

தப்பிக்க வழி கண்டுபிடித்தவளும் கோழிதான். தலைவலித் தைலத்தை விரலில் தொட்டு இமை ஓரத்தில் ஒரு தடவு. கண் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். ஒரு திங்கட்கிழமை ஏழு பேர் ஏழு இடத்தில் தடவிக்கொண்டு நின்றோம். முதல் பெண்ணைப் பார்த்து அக்காவுக்குச் சந்தோஷம். இரண்டாவது பெண்ணைப் பார்த்துச் சந்தேகம். ஏழாவதாகக் கோழி கண்ணில் தாரை தாரையாக நீர் வழிய ஏறியதும், “அய்யோ, எல்லாத்துக்கும் கண்ணு நோவு!” என்று கத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வேனைத் திருப்பிவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் இறக்கி, ஒரு வாரம் வெளியே விடக்கூடாது என்று உத்தரவு. அன்றைக்குக் கணிதச் சோதனை. எங்களுக்குச் சொர்க்கம். ஆனால் என் அம்மா வாசலிலேயே தைல வாசனையைப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு என் கண் சிவந்ததற்குத் தைலம் காரணம் இல்லை.

மறுநாள் முதல் அக்கா முதலில் முகர்ந்தார், பிறகு பார்த்தார்.

அவரிடம் சட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஈரத் தலையோடு ஃபேன் கீழே உட்காராதே, ரத்தம் உறைந்துவிடும். ஐஸ் தண்ணீர் குடிக்காதே, ரத்தம் வெளுத்துவிடும். சாப்பிட்டதும் தேத்தண்ணி குடிக்காதே, ரத்தத்தை உறிஞ்சிவிடும். நான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘அக்காவின் பைத்தியம்’ என்று ஓரத்தில் வைத்துவிட்டேன். படித்த பெண் இல்லையா நான்.

கல்யாணமாகி புக்கிட் பெருவாங் வந்தேன். எனக்கு முன்பே அக்காவும் வேனும் அங்கே குடியேறியிருந்தார்கள். போன வருடம் என் மகள் தர்ஷினி ஒன்றாம் படிவம் போனாள். முதல் நாளே கட்டைவிரல் நீண்டது.

“செம்பனை, ஒம் மகளும் வெளுத்துத்தான் இருக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. “இந்தக் காலத்துலயாக்கா? முட்டை, மீனு எல்லாம்தான் குடுக்கிறேன்.”

“நீ குடுக்கிற. அவ திங்கிறாளா? ஒங்க காலத்துல இல்லாம வெளுத்துச்சு. இப்ப இருந்தும் திங்காம வெளுக்குது. என் முன் சீட்டு ஒரு நாளும் காலியா போனதில்லலா.”

நான் நம்பவில்லை. தர்ஷினி பள்ளி விட்டு வந்ததும் படுத்துவிடுவாள். கைப்பேசிதான் காரணம் என்று திட்டினேன். மூன்றாம் மாடி அறிவியல் கூடத்துக்கு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். சோம்பேறித்தனம் என்றேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு நாள் சபைகூடலில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ரத்தச்சோகை என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

அதன் பிறகு என்னைப் போல் ஒரு தாய் மலாக்காவில் இருந்திருக்க முடியாது. ஐஸ்பெட்டிக் கதவில் அட்டவணை ஒட்டினேன். தினமும் அவள் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பா, இளஞ்சிவப்பா, என் கண்தான் சரியில்லையா? தக்காளியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். “அம்மா, நான் என்ன சாம்பாரா?” என்று கேட்டாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அளவு ஏறவே இல்லை. கைப்பேசியில் தேடித் தேடி, இருக்கிற பெரிய நோய்கள் அத்தனையையும் அவளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

“மாத்திரைய எப்படிக் குடுக்கிறீங்க?” என்று மிஸ்ஸி கேட்டார். எங்கள் ஊரில் தாதியரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“காலையில பசியாறினதும் மிஸ்ஸி. வயித்தப் பொரட்டுதுன்னு சொன்னா. அதான் சூடா பால் தேத்தண்ணியோட குடுக்கிறேன். ஒரு நாள்கூட விட்டதில்ல.”

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்தார். “தேத்தண்ணியோட குடுத்தா அந்தச் சத்து சரியா ஒடம்புல சேராதுக்கா. பாலும் அப்படித்தான். ரெண்டு மணி நேரமாவது தள்ளி வைங்க. கொய்யா, ஆரஞ்சு ஏதாவது கூடக் குடுங்க. அழாதீங்க. இங்க வர்ற அம்மாங்க நெறைய பேரு இதத்தான் செய்றாங்க. இந்த வயசுப் பொண்ணுங்க தெனமும் வருதுங்க.”

மூன்று மாதம், தினம் ஒரு கிளாஸ். ஒரு நாள்கூட விடவில்லை. விட்டிருந்தால் தேவலை.

மறுநாள் காலை வேன் வந்ததும் அக்காவிடம் தேத்தண்ணிக் கதையை ஒப்புக்கொண்டேன்.

“எத்தன வருசமா தொண்ட கிழியக் கத்துறேன்!”

“ஐஸ் தண்ணியையும் ஈரத் தலையையும் சேத்துச் சொன்னீங்களேக்கா. அதுல எது நெசம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஐஸ் தண்ணியும் நெசம்தான்லா!”

அடுத்த பரிசோதனைக்கு அக்காவே எங்களைக் கூட்டிப் போனார். என் கணவருக்கு குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் பகல் வேலை, லீவு கிடைக்கவில்லை. முடிவு வரும்வரை அக்கா கிளினிக் வாசலில் வேனில் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ரத்த அளவு ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச மாதம் மாத்திரையை விடாதீர்கள், ஆனால் நன்றாகவே ஏறியிருக்கிறது என்றார் மிஸ்ஸி.

தர்ஷினி வெளியே ஓடிப்போய்த் தானே இமையை இழுத்துக் காட்டினாள். “பாருங்க ஆன்ட்டி!”

அக்கா முகர்ந்தார். பார்த்தார். “பின் சீட்டு!” என்று தீர்ப்புச் சொன்னார். அவள் ராணி மாதிரி பின்னால் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தாள். நானும் அவள் பின்னால் ஏறப் போனேன். குறுக்கே ஒரு கை வந்தது.

“செம்பனை, கண்ணக் காட்டு.”

“எனக்கு எதுக்குக்கா?”

“காட்டுலா.”

கட்டைவிரல் அதே கட்டைவிரல்தான். தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். அக்கா சிரிக்கவில்லை.

“ஒன் ரத்தத்த எப்பப் பாத்த?”

யோசித்தேன். தர்ஷினி வயிற்றில் இருந்தபோது. அதற்குப் பிறகு நினைவில்லை. இத்தனை மாதமும் ஈரலும் கீரையும் அவள் தட்டில் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். என் தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. மாடிப்படி ஏறினால் எனக்கும் மூச்சு வாங்கும். வயதாகிறது என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு வயது முப்பத்தைந்து.

அக்கா என் பையை வாங்கிக்கொண்டு மறுபடி கிளினிக்கைக் காட்டினார். போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது முன் கதவு திறந்திருந்தது. சீட்டில் டப்பா இருந்தது.

பின்னாலிருந்து தர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் நெத்திலியை மென்றுகொண்டே வந்தேன். அக்கா ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாக, வழக்கத்தைவிட ரொம்ப மெதுவாக ஓட்டினார். வீடு வந்ததும் டப்பாவை மூடிக் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

ஒரு கடலைகூட மிச்சம் இல்லை.