அம்பு சொன்னால்தான் மயக்கம்

புஜத்தில் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளை வில்லையை ஒட்டிக்கொண்டு, நிமிஷத்துக்கொரு தரம் போனை எடுத்து அது காட்டும் சர்க்கரை அளவைப் பார்த்து, பார்த்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் என்று அலைகிற ஓர் இனம் உண்டு. அம்புக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை ஏறினால் திரையில் அம்பு மேலே பார்க்கும், இறங்கினால் கீழே. இவர்கள் முகமும் அப்படியே.

என் எதிர்வீட்டு சர்வேயரைப் பாருங்கள். கருவி காட்டாத மேட்டை, தடுக்கி விழுந்தாலும் மேடென்று ஒப்பாதவர். "எப்படி இருக்கீங்க?" என்றால், "நூத்தி முப்பத்திரெண்டு, அம்பு நேரா இருக்கு" என்பார். ஒட்டிய இடம் அரித்துத் தடித்திருக்கும். சொறிந்தால் வில்லை கழன்றுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். மத்தியானம் அந்தக் கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் வில்லை அமுங்கி, ஐம்பது என்று பொய்யாக அலறும். அலறியடித்து எழுந்து, நாலு கரண்டி சர்க்கரையை விழுங்கி, சும்மா இருந்த உடம்பை இருநூற்றைம்பதுக்கு ஏற்றிவிட்டு, "நல்லவேளை, மிஷின் காப்பாத்துச்சு" என்பார். யாரிடமிருந்து?

போன ஞாயிறு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர், சாப்பாட்டைத் தொடாமல், தன் வீட்டுக் கூடத்தில் அரைமணி நேரமாக எனக்குத் தன் போன் திரையில் சர்க்கரை ஏறி இறங்கும் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது? இந்தச் சர்க்கரைத் தண்ணியக் குடிங்க" என்றார் மனைவி.

"சும்மா இரு. நூத்திப்பத்து காட்டுது."

"கை நடுங்குதே!"

"அது ஃபேன் காத்து."

"அந்த மிஷின் கால்மணி நேரம் பிந்தித்தான் காட்டும், ஒடம்பு ஒரு மாதிரி இருந்தா விரல்ல குத்திப் பாருங்கன்னு டாக்டர் தலபாடா அடிச்சுக்கிட்டாரே!"

"டாக்டர் என்ன... என் கைக்குள்ளயா..." நாக்கு குழறியது. அந்த அம்மாள் அவர் விரலைப் பிடித்துக் குத்தினார். நாற்பத்தொன்று! தம்ளரை வாயில் வைத்தார்; மறுக்கத் தெம்பில்லாமல் சர்வேயர் குடித்தார். கால்மணி நேரத்தில் தெளிந்து, எங்கள் முகத்தை அடையாளம் கண்டார். அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அப்போதுதான் போன் அலறியது: ஐம்பத்தெட்டு, அம்பு கீழே.

மனிதர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "பாத்தியா? எவ்வளவு கரெக்டா சொல்லுது!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அது கிடக்கட்டும், நேற்று நீங்கள் நன்றாகத் தூங்கினீர்களா? பதில் சொல்லுமுன் ஸ்மார்ட் வாட்சை ஏன் ஐயா பார்க்கிறீர்கள்?