கலெக்டர் ஆபீஸ் வாசலில் நான் குடித்த பூச்சிவிரட்டி

அரைகுறையாகத் தெரிந்தவனிடம் மட்டும் ஆதாரம் கேட்கக் கூடாது. முழுசாகத் தெரிந்தவன் "விசாரிச்சுச் சொல்றேன்" என்று நழுவிவிடுவான். அரைகுறை எதையாவது செய்தே காட்டிவிடும். நான் இரண்டாவது ரகம். அதனால்தான் கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில், போலீஸ் முன்னிலையில், நெற்பயிருக்குத் தெளிக்க வேண்டிய பூச்சிவிரட்டியை என் வாயிலேயே ஊற்றிக்கொண்டேன்.

அப்போது மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இயற்கை விவசாயப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். செல்போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். ஆபீசில் எவனாவது நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து மண்புழுவைப் பற்றி ஆரம்பிப்பேன். (என் தலையைப் பார்த்தாலே மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். போன் அடித்திருக்கவே அடித்திருக்காது.)

இந்தக் கிறுக்குக்கு ஒரு காரணம் இருந்தது. என் அக்கா ஜோதியைச் சிதம்பரம் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரர் செல்வராசு மாமாவுக்குச் சொந்த நிலம் கொஞ்சம்தான். அடுத்தவர்கள் வயலுக்குக் கூலிக்கு மருந்து அடிப்பதுதான் அவருக்கு முக்கிய வேலை. முதுகில் டேங்க், இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கி, வாயில் பீடி. கையுறையும் முகமூடியும் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் படத்தில் உள்ள ஆளுக்கு மட்டும்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கண் எரியும், குமட்டும், சோறு இறங்காது. கேட்டால் "உடம்பு சூடு" என்று சொல்லிப் படுத்துவிடுவார். ஒருநாள் அக்கா போனில் அழுதாள்.

"தம்பி, உனக்குத்தான் அந்த வெவசாயமெல்லாம் தெரியுமே. எப்டியாவது இவரை அந்த டேங்கை எறக்கி வெக்கச் சொல்லுடா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அக்கா என்னிடம் எதையும் கேட்டவள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் மாமாவைப் பிடித்தேன். பூச்சியைக் கொல்லும் மருந்து அந்தப் பூச்சியைத் தின்னும் சிலந்தியையும் தவளையையும் சேர்த்தே கொல்கிறது, தப்பிய பூச்சி அடுத்த வருஷம் திமிரோடு வருகிறது, அதற்கு இன்னும் காட்டமான மருந்து, அதற்கும் அடங்காத பூச்சி, கடைசியில் செத்துப்போவது மண்ணும் வாய்க்காலும் மனுஷனும்தான் என்று மூச்சு விடாமல் பேசினேன். இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையை நான் மாற்றிக்கொள்ளவில்லை. பேசிய ஆள்தான் சரியில்லை.

மாமா பீடியை அணைத்தார். "கேக்க நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா இன்சூரன்ஸ்காரன் சொன்னான்னு பொழப்ப வுட முடியுமா? வெவரம் தெரிஞ்ச ஆபீசருங்க நாலு பேரு உன் பேச்சுக்குத் தலைய ஆட்டட்டும். அன்னிக்கே டேங்கைக் கழட்டிர்றேன்."

"சத்தியமாவா மாமா?"

"உங்கக்கா மேல சத்தியம்."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த முகத்துக்காக நான் ஐக்கிய நாடுகள் சபையிலேயே போய்ப் பேசியிருப்பேன். பக்கத்தில் கிடைத்தது கலெக்டர் ஆபீசில் ஆபீசர்களெல்லாம் வந்து உட்காரும் விவசாயிகள் குறைதீர் கூட்டம்.

வெறும் பேச்சு எடுபடாது, கையில் சரக்கு இருக்க வேண்டும் என்று வேப்பிலை, நொச்சி, ஆடாதொடை என்று கிடைத்த தழையையெல்லாம் இடித்துக் கோமியத்தில் ஊறப் போட்டேன். மாடு வாய் வைக்காத தழைகள்தான் இதற்கு உத்தமம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா மாடியேறி வந்து எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று தேடிவிட்டுப் போனார். அது நன்றாகப் புளித்துப் பொங்கியதும் வடிகட்டித் தண்ணீர் பாட்டிலில் அடைத்தேன். புளித்த சரக்கை இறுக்கி மூடக் கூடாது என்பதை எந்த வீடியோவில் சொன்னார்களோ, அதை நான் பார்க்கவில்லை.

கூட்டத்தன்று மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். இருவரும் கலெக்டர் ஆபீஸ் கேட்டுக்குப் போனோம். அங்கே எல்லோர் பையையும் திறந்து பார்க்கிறார்கள். மனசு விட்டுப்போய் மண்ணெண்ணெயும் விஷமுமாக வந்து நின்றவர்களை எல்லா ஊரிலும் பார்த்தாகிவிட்டது. அதற்காக இந்தச் சோதனை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் என் பையில் கறுத்த பச்சை நிறத்தில் வயிறு உப்பிய பாட்டில்.

பெண் போலீஸ் ஒருவர் அதை எடுத்தார். "இன்னா சார் இது?"

"பூச்சி வந்தா அடிக்கிறதுங்க மேடம்."

அவர் முகம் மாறியது. மூடியை லேசாகத்தான் திருகினார். பாட்டில் சீறி, பாதிச் சரக்கு அவருடைய காக்கிச் சட்டையிலும் வரிசையில் நின்றவர்கள் மேலும் தெறித்தது. அந்த வாடையில் சுற்றி நின்ற கூட்டம் ஒரே மூச்சாகப் பின்னால் நகர்ந்தது.

"மருந்து எடுத்தாந்துக்கிறாருய்யா," என்று யாரோ சொன்னார்கள். உடனே நாலைந்து செல்போன்கள் என் பக்கம் திரும்பின.

"இது விஷமில்லைங்க, இயற்கைங்க," என்றேன். யாரும் கேட்பதாக இல்லை. திரும்பிப் பார்த்தேன். மாமா கைகட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேயே கோட்டை விட்டால் டேங்க் இறங்காது. புத்தி அந்த அளவுக்கு வேலை செய்தது. அதற்கு மேல் செய்யவில்லை. பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கி, "பாருங்க, மனுசனே குடிக்கலாம்," என்று சொல்லி ஒரு வாய் குடித்தேன்.

கோமியத்தின் ருசியை நான் வர்ணிக்கப் போவதில்லை. நாக்கு எரிந்தது. தொண்டை எரிந்தது. அப்போதுதான் பாட்டிலில் எருக்கந்தழையும் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. மாடு ஏன் அதில் வாய் வைப்பதில்லை என்று அந்த நிமிஷத்தில் எனக்கு முழுசாக விளங்கியது. அந்தப் பெண் போலீஸ் பாவம், என்னைத் தாங்கிப் பிடித்தார். அவர் சட்டையில் மிச்சமிருந்த காக்கியையும் நான் பாழாக்கினேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கழுவினார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். சின்ன வயது டாக்டர் குனிந்து, "என்ன பிரச்சினை சார்? வீட்ல சண்டையா, கடனா?" என்று ஆதரவாகக் கேட்டார். குழாயோடு இயற்கை விவசாயத்தை விளக்க முயன்றேன். அவர் என் தோளைத் தட்டி, "எல்லாம் சரியாயிடும்," என்றார். அதற்குள் 'விவசாயி தற்கொலை முயற்சி' என்று வீடியோ எங்கள் குடும்ப குரூப்புக்கே வந்து சேர்ந்துவிட்டது. (விவசாயி என்று என்னை யாராவது சொன்னது அதுதான் முதல் தடவை.)

மாமா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு என் காலைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "வுடு மச்சான். ஆசைப்பட்டு செஞ்ச, அது போதும். நாளைக்கு எனக்கு வேலை கெடக்குது. நம்ம செட்டியார் வயல்ல பூச்சி ஜாஸ்தியாம்."

தடுக்க எனக்கு என்ன முகம் இருந்தது? நான் பிழைத்து வீட்டுக்கு வந்தேன். அவர் டேங்கை மாட்டிக்கொண்டு போனார்.

கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. மாமா காற்றுக்கு எதிரே நின்று மருந்து அடித்திருக்கிறார். டேங்கிலிருந்து முதுகில் கசிந்ததைத் துடைக்கவில்லை. வரப்பிலேயே சரிந்து கிடந்தவரைச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போனபோது வாயோரம் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, தோல் துடித்துக்கொண்டிருந்தது.

"எவ்ளோ குடிச்சாரும்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"குடிக்கல டாக்டர். அடிச்சாரு," என்றாள் அக்கா.

டாக்டர் நம்பவில்லை. திரும்பவும் கேட்டார். அக்காவும் திரும்பவும் அதையே சொன்னாள். பிறகு மாமாவின் வாய் வழியாகக் குழாயை இறக்கி மூச்சு விடும் மிஷினில் போட்டார்கள். நான் வராந்தாவில் நின்று அழுதேன். அன்றைக்கு அந்த வாசலில் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் உள்ளே விட்டிருப்பார்கள். பேசியிருப்பேன். நாலு தலை ஆடியிருக்கலாம், ஆடாமலும் போயிருக்கலாம். அதை இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

மாமா பிழைத்தார். கால்களுக்குப் பலம் முழுசாகத் திரும்பவில்லை. இரண்டு பேர் பிடித்தால்தான் எழுந்திருக்க முடியும். சட்டைப் பொத்தானை அக்கா போட்டுவிடுகிறாள். அவர் நிலத்தில் இப்போது மருந்து விழுவதில்லை. நானும் அக்காவும்தான் பார்க்கிறோம். முதல் போகம் பார்க்கச் சகிக்கவில்லை. இப்போது வயலில் சிலந்தி வலை தெரிகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தழையை வேகவைத்தாலும் இடித்தாலும் நான் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்கிறேன். இயற்கை என்றால் சாது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

எங்கள் வீட்டு விசேஷங்களில் ரசம் ஊற்றினாலும் பாயசம் ஊற்றினாலும் யாராவது ஒருவர் "குடிச்சிக் காட்டு" என்று சொல்லாமல் இலையை விட்டு எழுவதில்லை. அந்தக் கதையை மாமா மாதிரி சொல்ல ஆள் கிடையாது. போலீஸ் குரலில் பேசுவார், பாட்டில் மாதிரி சீறுவார். போன மாதம் அவர் மகளைப் பெண் பார்க்க மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழுக்கதையையும் நடித்துக் காட்டினார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது சரி, உங்களுக்குக் கால்ல என்னாங்க? நீங்களும் எதையாச்சும் குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"நான் ஒரு சொட்டு கூடக் குடிக்கலிங்க," என்றார் மாமா.

அதுவும் கதையின் மிச்சம் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.