மூளைப்பாரம் பார்க்கும் மிஷின்

போடிநாயக்கனூரில் அந்த வாரம் எல்லாரும் மூளையைப் பற்றியே பேசினார்கள். அதைப் பயன்படுத்தியே பழகாதவர்கள்கூடப் பேசினார்கள். எல்லாம் 'மூளைப்பாரம் நிபுணர்' ஈஸ்வர் செய்த வேலை. விரலில் இரண்டு தகடு மாட்டினால் மண்டைக்குள் எவ்வளவு பாரம் என்று மிஷின் சொல்லுமாம்! குரங்கணியிலிருந்து ஜீப்பு ஜீப்பாக ஆள் இறங்கியது. தேவாரத்துக்காரர் ஒருவர் மருமகனைக் கையோடு இழுத்துவந்து, "இவன் தலைக்குள்ள ஏதாச்சும் ஓடுதான்னு பாருங்க சார்" என்றார்.

ராம்பிரசாத் முதலாளியின் ஏலக்காய்க் கிட்டங்கியில்தான் இந்தக் கூத்து. காய் பிரிக்கும் பெண்கள் எடையைப் போனில் பதிய அவர் ஓர் ஆப்பு வாங்கியிருந்தார். மொத்தம் ஒன்பது பட்டன். ஒன்பதாவதைத் தொட்டால் மறுபடி முதல் பட்டன் வந்து நிற்கும். பெண்கள் திணறினார்கள். கோளாறு அவர்கள் தலையில்தான் என்று முதலாளி ஈஸ்வரை வரவழைத்தார். மிஷினில் பாரம் எண்பதைத் தாண்டினால் ஈஸ்வர் விற்கும் செம்பு மோதிரத்தைப் போட வேண்டும்; இல்லையென்றால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சுப்புத்தாய் பதினெட்டு வருடமாகக் காய் பிரிப்பவள். திங்கட்கிழமை அவளுக்கு முப்பது காட்டியது. செவ்வாயன்று தொண்ணூற்றிரண்டு. அன்று அவள் போனைத் தொடக்கூட இல்லை!

"இந்த மூளை தாங்காது. மோதிரம் போடு, இல்ல வேற சோலி பாரு" என்றார் மிஷினோடு திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஈஸ்வர். வெளியே வந்தால் அவருடைய மூளை அலை வயரில் கலந்துவிடுமாம். இல்லாத சரக்குக்கு எவ்வளவு காவல் பாருங்கள்!

சுப்புத்தாயின் மகள் முத்துப்பிரியா நர்சிங் படிப்பது இந்தக் கூலியில்தான். ராத்திரி முழுக்க யோசித்தாள். திங்கட்கிழமை தூசிக் கையோடு உட்கார்ந்தோம். செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு உட்கார்ந்தோம். காலையில், தகடு மாட்டிவிடும் கங்காணி சுந்தரம்மாளிடம் கேட்டாள்.

"ஆமா மதினி, கை கழுவிட்டு வந்தவளுக்கெல்லாம் ஏறத்தான் செய்யுது" என்றாள் சுந்தரம்மாள்.

சுப்புத்தாய் வெரசாகக் கொல்லைக்குப் போய் ஒரு பச்சை வாழைமட்டையை அறுத்து வந்தாள். கற்பூரப் புத்தி, கரிக்கட்டைப் புத்தி, அதற்கும் கீழே வாழைமட்டை என்றுதானே நம் ஊரில் மூளையைத் தரம் பிரிப்பார்கள்? சுந்தரம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதலாளி பார்க்கவே, மட்டையில் தகடுகளைச் செருகினாள்.

"அடுத்த ஆள் ரெடி சார்!"

திரைக்குள்ளிருந்து பெருமூச்சு வந்தது. "அடேயப்பா, தொண்ணூற்றெட்டு! ரொம்ப யோசிக்கிற தலை. குடும்பக் கவலை வேற. இதுக்கு ஒரு மோதிரம் பத்தாது, ரெண்டு போடணும்."

சுப்புத்தாய் திரையை இழுத்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"தாவரத்துக்கும் உயிர் இருக்கும்மா..." என்று ஈஸ்வர் தடுமாறினார்.

"இருக்கட்டும். எந்த வெரல்ல மோதிரத்த மாட்டுவீக, அதச் சொல்லுங்க!"

ஈஸ்வர் மோதிரப் பெட்டியை எடுத்துக்கொண்டு தேனி பஸ்சுக்கு ஓடினார்.

ராம்பிரசாத் தலையைச் சொறிந்தார். "அப்ப இந்த ஆப்பு ஏன் ஒருத்திக்கும் வரல?"

"பட்டன் கோளாறா இருந்தா பட்டன மாத்துங்க மொதலாளி. எங்க தலைய எதுக்கு மாத்தப் பாக்குறீக?"

உடம்பின் அறிகுறிகளை வைத்து மூளையின் உழைப்பை அளக்கும் நல்ல ஆராய்ச்சியும் உலகில் உண்டு. அது கருவியைத் திருத்தத்தான். ஆளைத் துரத்த அல்ல. பேயோட்டியின் வேப்பிலைக்குப் பயந்தது போய் இப்போது வயருக்குக் கும்பிடு போடுகிறோம். வாழைமட்டையால் கேள்வி கேட்க முடியாது. உங்களுக்கு என்ன கேடு?