ஐந்தாவது வெளிமாநில மாணவி

மனித மனத்தின் ஆழத்தை அளக்கவே முடியாது என்று ஞானிகளும் கவிஞர்களும் மனநல மருத்துவர்களும் கையை விரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பாவம், அவர்களிடம் படிவம் இல்லை. சேஜ்வாட்டர் சமுதாயக் கல்லூரியில் எங்களிடம் இருக்கிறது. நான்கே பக்கம். நீல மையில் நிரப்பிக் கொடுத்தால், உங்கள் உள்ளத்தின் அடியில் கிடக்கும் "நோக்கம்" என்னவென்று பத்து வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்துவிடுவோம்.

அந்தப் படிவத்துக்குப் பொறுப்பு நான். பெயர் வில்மா ட்ரெஸ்லர். பதவி, "இருப்பிடத் தீர்மான அலுவலர்". பத்தொன்பது வருடங்களாக இதே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மனங்களைப் படித்துவருகிறேன்.

எங்கள் ஊர் கலிஃபோர்னியாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. கல்லூரி வாகன நிறுத்தத்தில் நின்றால் குதிரைமசால் வயல்களுக்கு அப்பால் பக்கத்து மாநிலமான நெவாடா தெரியும். நெவாடாவில் நின்றாலும் நாங்கள் தெரிவோம். இந்த மாநிலத்தவர்களுக்குக் கட்டணம் சொற்பம். வெளிமாநிலத்தவர்களுக்கு அதைப்போல் ஏழரை மடங்கு. இந்த மாநிலத்தவர் ஆவதற்கு இரண்டே தகுதிகள்தான். ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கடைசிவரை இங்கேயே இருக்கும் எண்ணமும் இருக்க வேண்டும். முதலாவதை மின்சாரக் கட்டண ரசீதே சொல்லிவிடும். இரண்டாவதைச் சொல்ல நான் வேண்டும்.

அந்த ஒரு நாள் எதற்கு என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓராண்டு, ஊரைப் புரிந்துகொள்ள. ஒரு நாள், யாரிடம் மாட்டியிருக்கிறோம் என்று புரிந்துகொள்ள.

ஏழரை மடங்கு என்பது யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னது அல்ல. அதற்கென்று ஒவ்வொரு பிப்ரவரியிலும் நிர்வாகக் குழு கூடுகிறது. சட்டம் ஐந்து கணக்கு முறைகளை அனுமதிக்கிறது: சொந்தச் செலவு, மாநிலச் சராசரி, பக்கத்து மாவட்டத்தின் கட்டணம் என்று. எது நியாயமோ அதை எடுத்துக்கொள்ளலாம். கடந்த பிப்ரவரியில் நியாயம் எப்படி எடுக்கப்பட்டது என்பதற்கு நானே சாட்சி. குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன்.

குழுத் தலைவர் டில் ஹாக்ஸ்டன் மாட்டுப் பண்ணைக்காரர். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "பக்கத்து மாவட்டத்துல எவ்வளவு வாங்கறான்?" என்று கேட்டார்.

நிதி அலுவலர் கோனி அராம்புரு தொகையைச் சொன்னாள்.

"அதுக்கு மேல பத்து டாலர் வை. இல்லேன்னா நம்ம படிப்பு மட்டம்னு நெனச்சுக்குவாங்க."

"அப்படி வைக்க முடியாது, டில். ஏதாவது ஒரு முறைப்படி கணக்குப் போட்டு வரணும்."

"போடேன். விடைதான் தெரிஞ்சுபோச்சே. இனிமே கணக்கு என்ன கஷ்டம்?"

கோனி ஐந்து முறைகளையும் போட்டுப் பார்த்தாள். நான்காவது முறையில், முந்தைய ஆண்டின் செலவோடு வரப்போகும் விலைவாசி உயர்வையும் சேர்த்து, சில்லறையை மேல்நோக்கி முழுமையாக்கியபோது அந்த விடை பணிவோடு வந்து நின்றது. குழு அதை ஒருமனதாக ஏற்றது.

"சரி, இந்தக் கட்டணத்துல எத்தனை பேர் சேருவாங்க?" என்றார் ஹாக்ஸ்டன்.

"போன வருஷம் நாலு பேர். மூணு பேர் பேஸ்பால் டீம். ஒரு பொண்ணு குதிரைக்கு லாடம் அடிக்கப் படிக்குது."

"அஞ்சுன்னு எழுது. வளர்ச்சி தெரியணும்ல."

இருபத்தைந்து சதவீத வளர்ச்சி ஒரே நொடியில் எட்டப்பட்டதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். ஐந்து என்றே எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் வந்தது. விண்ணப்பித்த வெளிமாநிலத்தவர்கள் நான்கு பேர். எங்கள் டீன் லாயல் பெக்ஸ்ட்ரம் என் ஜன்னலுக்கு வந்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு, மிக மெதுவாகப் பேசினார்.

"வில்மா, இந்த மாநிலம்னு முடிவான ஃபைலையெல்லாம் இன்னொரு தடவை அன்பா பாரேன்."

"அன்பாவா?"

"சரி, கவனமா."

கவனமாகப் பார்த்தேன். அப்படித்தான் டார்லீன் ஹேஸ்கட்டின் கோப்பு என் கையில் மறுபடி வந்தது.

டார்லீனுக்கு வயது ஐம்பத்தொன்று. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சூதாட்ட விடுதியின் சமையலறையில் இருபது வருடம் காலை உணவு சமைத்தவள். கணவன் ரஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். நுரையீரல் போய், மூன்று வருடம் முன்பு இறந்தான். அடுத்த வருடம் அவள் இந்தப் பக்கம் வந்து, ஒரு டிரெய்லர் வீட்டை வாங்கி, தீவனக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ரஸ்ஸின் கடைசி வாரத்தில் ஒரு சுவாச சிகிச்சையாளர் வந்து முகமூடியைச் சரியாகப் பொருத்தியதும் அவன் மூச்சு அடங்கி, நிம்மதியாக அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினானாம். அந்த வேலையைப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த வகுப்பு எங்களிடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் தொடங்கும். பன்னிரண்டு இடம். பன்னிரண்டில் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. சொற்பக் கட்டணத்துக்குத்தான் அவளிடம் பணம் இருந்தது.

அவளை அழைத்து, மூன்றாம் பக்கத்தில் விட்டுப்போயிருந்த கேள்விகளைக் கேட்டேன்.

"வேற மாநிலத்துல உங்களுக்குச் சொத்து இருக்கா?"

"இருக்கு கண்ணு. எட்டடிக்கு நாலடி."

"கொட்டகையா?"

"கல்லறை இடம். ரஸ் பக்கத்துல. ரெண்டா வாங்கினா விலை குறைச்சுக் குடுத்தாங்க."

அடுத்த கேள்வியையும் நான் கேட்டாக வேண்டும். படிவத்தில் இருக்கிறது. "இப்ப அதுல யாராவது குடியிருக்காங்களா?"

"இல்ல கண்ணு. காலியாத்தான் கெடக்கு."

"எப்ப குடிபோறதா உத்தேசம்?"

"எனக்கொண்ணும் அவசரமில்ல," என்றாள் டார்லீன். "வேணும்னா 'தேதி முடிவாகல'ன்னு போட்டுக்க."

அப்படியே போட்டேன். அந்த வாரமே அவள் கோப்பை 'வெளிமாநிலம்' என்று மாற்றினேன்; அவள் மேல்முறையீடு செய்தாள்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடமாக நான் இந்த ஊரில் இருக்கிறேன். வாக்காளர் அட்டை, நூலக அட்டை, கணவர், உறைபனிப் பெட்டி நிறைய மான் இறைச்சி எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வசந்தத்திலும், மதியம் ஜன்னலில் ஆள் இல்லாத நேரத்தில், கணினியில் கடலோர ஊர்களில் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறைகளைப் பார்ப்பேன். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். யாராவது வந்தால் மூடிவிடுவேன். வீட்டுக்குப் போய் ரொட்டியும் குழம்பும் செய்வேன். என் சொந்தப் படிவத்தை எனக்கே நீட்டினால், நான் இந்த மாநிலத்தில் இல்லை. எங்கே இருக்கிறேன் என்றும் தெரியாது. ஒருவேளை அதனால்தான் மற்றவர்களின் மனம் எங்கே இருக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறதோ என்னவோ.

மேல்முறையீட்டு விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், செவிலியர் பயிற்சி அறையில் நடந்தது. வேறு அறை காலியில்லை. மூலைக் கட்டிலில் பயிற்சிக்கான பிளாஸ்டிக் நோயாளி வாயைத் திறந்தபடி படுத்திருந்தது. பெக்ஸ்ட்ரமும் கோனியும் மேசைக்குப் பின்னால். குறிப்பெடுக்க நான். டார்லீன் ஒரு காகிதப் பையைக் கவிழ்த்தாள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, இருபத்தேழு மாத மின்சார ரசீதுகள், நாய்க்கு வாங்கிய உரிமம், மாவட்டக் கண்காட்சியில் பெர்ரி கேக்குக்கு மூன்றாம் பரிசு வாங்கிய பச்சை ரிப்பன்.

"இந்தப் போட்டியில மாவட்டத்துக்காரங்க மட்டும்தான் கலந்துக்கலாம்," என்றாள் பெக்ஸ்ட்ரமிடம். "நீங்கதான் கண்ணு அன்னைக்கு நடுவரு. ரெண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

பெக்ஸ்ட்ரம் ரிப்பனை மரியாதையோடு நகர்த்தி வைத்தார். "மிசஸ் ஹேஸ்கட், நீங்க இங்க வாழறீங்கங்கறதுக்கு இதெல்லாம் சாட்சி. அதுல எங்களுக்குத் துளி சந்தேகம் இல்ல."

"பின்ன எதுல சந்தேகம்?"

"கடைசியா எங்க போறதா இருக்கீங்க, அதுல. நெவாடால ஒரு இடத்துக்கு நீங்க முழுப் பணமும் கட்டி வச்சிருக்கீங்க. அதைவிட உறுதியான நோக்கத்தை நான் இந்தப் பதவியில பார்த்ததே இல்ல."

"கண்ணு, செத்தப்புறம் நான் உங்க காலேஜுக்கு வரப்போறதில்ல. வந்தா மட்டும் சேர்த்துக்குவீங்களா?"

"அதுக்கு வேற படிவம்," என்றாள் கோனி, கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டார்லீன் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"இன்னது பண்ணுங்கன்னு கல்லூரி யாருக்கும் சொல்லாது," என்றார் பெக்ஸ்ட்ரம். "ஆனா அந்த இடம் உங்க பேர்ல இல்லேன்னா, அந்தத் தடையும் இருக்காது."

அவள் பிளாஸ்டிக் நோயாளியின் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் ரஸ் பக்கத்துல யாரு படுப்பா?"

"அது உங்க சொந்த விஷயம்," என்றாள் கோனி. "சொந்த விஷயத்துல நாங்க தலையிடறதில்ல."

டார்லீன் பச்சை ரிப்பனை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "வித்துட்டா என்னை வகுப்புல சேர்த்துக்குவீங்களா?"

"தாராளமா," என்றார் பெக்ஸ்ட்ரம்.

அவள் என் பக்கம் திரும்பி, தலையசைத்தாள். நானும் தலையசைத்தேன். அதைக் குறிப்பில் எழுதவில்லை. தலையசைப்புகளைக் குறிப்பில் எழுதும் வழக்கம் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை விற்பனைப் பத்திரத்தோடு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"மார்லிஸ் வாங்கிக்கிட்டா," என்றாள்.

"யாரு மார்லிஸ்?"

"ரஸ்ஸோட மொதப் பொண்டாட்டி. அடக்கத்தன்னிக்கே கேட்டா, குடுத்திருடின்னு. இப்ப ஃபோன் பண்ணினதும் பேரம்கூடப் பேசல. அன்னைக்கே செக்கோட வந்துட்டா. போறப்ப என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா, சனியன். நானும் அழுதேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரஸ் உசுரோட இருக்கறப்ப அவன அவகிட்டருந்து நான் எடுத்துட்டு வந்தேன். இப்ப அவ எடுத்துக்கறா. சரியாப்போச்சு."

பத்திரத்தை வாங்கி முத்திரை குத்தினேன். பெக்ஸ்ட்ரம் அறையிலிருந்து எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கி, "சேஜ்வாட்டர் உங்களை வரவேற்குது," என்றார். உண்மையான கண்ணீர் அவர் கண்ணில் நின்றது. அவர் நல்ல மனிதர். அப்புறம் நான் தீர்மானக் கடிதத்தைத் தட்டச்சு செய்து அவளிடம் நீட்டினேன். அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"கண்ணு, 'வெளிமாநிலம்'னு போட்டிருக்கே."

"ஆமா. உங்க நோக்கம் இன்னைக்குத்தான் சுத்தமாச்சு. ஓராண்டும் ஒரு நாளும் இன்னையிலருந்துதான் ஆரம்பம்."

"இருபத்தேழு மாசமா இங்கதானே கெடக்கேன்?"

"இருந்தீங்க. மனசு இல்ல."

பின்னால் வரிசையில் ஒரு பேஸ்பால் பையன் சூயிங்கம் மென்றுகொண்டு நின்றான். டார்லீன் கடிதத்தை நான்காக மடித்தாள்.

"இது புது விதியா?"

"நான் வந்ததுலருந்தே இருக்கு."

"அன்னைக்கு அந்த ரூம்ல உக்காந்திருந்தப்பவும் உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று அடுத்துக் கேட்பாள் என எதிர்பார்த்தேன். பதில் தயாராக இருந்தது. அவள் கேட்கவில்லை. இரண்டு வருடம் காத்திருந்தால் தனக்கு எத்தனை வயது ஆகும் என்பதை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துக் கூட்டிப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து மார்லிஸின் காசோலையை எடுத்து, திருப்பி, பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, கல்லூரி பெயருக்கு மாற்றித் தந்தாள். முதல் தவணை. மிச்சத்துக்கு டிரெய்லரை அடகு வைக்கப் போவதாகச் சொன்னாள். கோனி வந்து காசோலையைப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, "சரியா அஞ்சு," என்றாள்.

கல்லூரி வரலாற்றில் மதிப்பீடு அப்படியே பலித்தது அதுதான் முதல்முறை. அக்டோபர் கூட்டத்தில் ஹாக்ஸ்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றே எனக்கு ஒரு பித்தளைப் பலகை வழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். பெக்ஸ்ட்ரம் விசில்கூட அடித்தார். "வில்மா ட்ரெஸ்லர்: மாணவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதிலளிக்கத் தவறியதில்லை" என்று அதில் பொறித்திருக்கிறது. என் நாற்காலிக்குப் பின்னால், வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறார்கள்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் குறிப்புகளை எடுத்துச் சரிபார்த்தேன். அன்று அந்த அறையில் டார்லீன் கேட்ட கேள்விகள் ஐந்து. ஐந்துக்கும் பதில் கொடுத்தோம். ஆறாவதைக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் ஒருத்தி அந்த அறையில் இருந்தாள். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.