தூரத்துக்குக் கொடுக்கிற சம்பளம்

வில்லியனூர்
14-6-1984

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை தாமஸ் அவர்களுக்கு மாமனார் தனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் அத்தை அல்போன்சாவும் சினையாக இருக்கிற சிவப்புப் பசுவும் சௌக்கியம். அதேபோல் அசாமில், சில்சாரில், நீங்களும் என் மகள் ஜெயசீலியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். போன வாரம் முழுக்க அந்த நம்பிக்கை இந்த வீட்டில் இல்லை.

எல்லாம் உங்கள் கடிதத்தால் வந்த வினை. அங்கே மூன்று வருஷம் முடியப் போகிறது, மெட்ராசுக்கு மாற்றல் கேட்பதா, இன்னும் மூன்று வருஷம் சில்சாரிலேயே இருப்பதா, மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், மாமா சொல்கிறபடி செய்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மெட்ராசில் பட்டணப்படியும் வீட்டு வாடகையும் கூட வரும், ஆனாலும் சில்சார் பக்கம் இப்போது சம்பளத்தில் கால் பங்கு கூடுதலாகத் தர ஆரம்பித்திருக்கிறார்கள் என்று விவரமும் எழுதிவிட்டீர்கள். நான் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். நீங்கள் என்னதான் ஏரோட்ரோம் ஆபீசர் என்று திருத்தினாலும் ஊரில் உங்களுக்கு ஏர்போர்ட் மேனேஜர் என்றுதான் பெயர். அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டதும் நான்தான். ஏர்போர்ட் மேனேஜருக்குச் சம்பளம் ஏறிவிட்டது என்று சத்தமாகச் சொன்னேன்.

சொல்தா மரியதாஸ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், உங்கள் கல்யாணத்தில் மெடல் குத்திக்கொண்டு வந்தாரே, அவர்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கவர்மெண்ட்டு சும்மா தூக்கிக் குடுக்குமா பா? சைகோன்ல எங்களுக்கும் கூடத்தான் குடுத்தாங்க. இன்னாத்துக்கு? தலை மேல குண்டு வுழுந்துது, அதுக்கு! உன் பொண்ணு இருக்கிற எடத்துல இன்னா நடக்குதுன்னு விசாரிச்சியா?" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மாதா கோயில் சாமியாரிடம் போய் ஜெயசீலி பெயரில் பூசைக்குக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் இருந்து சாமியார், "போர்முனையில் இருக்கும் நம் பங்கின் மகள் ஜெயசீலிக்காக" என்று வாசித்தார் பாருங்கள், பெண்கள் பக்கம் ஒரே அழுகை. மத்தியானம் எதிர் வீட்டு விருத்தாம்பாள் வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, மேனேஜருக்கு இப்ப மாசம் இன்னா வருது?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை தபால் ஆபீசுக்கு ஓடினேன். போஸ்ட்மாஸ்டர் தணிகைவேல் சிரித்தார். "குண்டும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. கரும்பு வெட்ட ஆள் வரலன்னா நீங்க கூலிய ஏத்திக் குடுக்கல? அதேதான். வூட்ட வுட்டுட்டு அவ்ளோ தூரம் யாரும் போவ மாட்றாங்க. தூரத்துக்குக் குடுக்கிற காசு அது" என்றார்.

மாப்பிள்ளை, எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் வழி நெடுக எனக்குக் கோபம்தான் வந்தது. தூரத்துக்குக் காசு என்றால் அதை எனக்கல்லவா கொடுக்க வேண்டும்? நீங்கள் அங்கே அவளோடு இருக்கிறீர்கள். தூரம் முழுக்க என் வீட்டில்தானே கிடக்கிறது? கல்யாணமான புதிதில் நீங்கள் மெட்ராசில் இருந்த வருஷம் ஜெயசீலி மாதா கோயில் தேருக்குப் பஸ் ஏறி வந்து நின்றாள். சில்சாருக்குப் போன பிறகு ஒரே ஒரு தடவைதான் பார்த்தோம். பெண் பார்க்க நீங்கள் வந்தபோது, உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் சம்பளம் எவ்வளவு என்று கேட்டவன் நான். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்தக் கால் பங்கு வேண்டாம். மெட்ராஸ் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அரிசி, உளுந்து, வெல்லம் எல்லாம் மாதாமாதம் நானே பஸ்ஸில் கொண்டுவந்து போடுகிறேன். என் மகள் எனக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

சில்சாரில் மழை அதிகம் என்கிறார்கள், தலையை நன்றாகத் துவட்டிக்கொள்ளுங்கள். வில்லியனூர் மாதா உங்கள் இருவரையும், வந்து இறங்குகிற விமானங்களையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: கவரில் தபால்தலையும் ஒட்டிவிட்டேன், அப்போதுதான் தபால்காரர் ஜெயசீலி தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்தார். உங்கள் அத்தைக்குக் கண்ணாடி அகப்படாததால் நான்தான் வாசித்தேன். "அம்மா, இங்க ஒரு நாளைக்கு ரெண்டு பிளேன்தான். அது போனதும் அவர் வூட்டுக்கு வந்துடறார். தெனமும் மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடறோம். மெட்ராஸ்ல ராத்திரி பகல்னு பிளேன் வரும், நான் ஒண்டியா சாப்பிட்டுட்டுப் படுத்துக்குவேன். உங்ககிட்ட சொன்னா வெசனப்படுவீங்கன்னு சொல்லல. அப்பா மெட்ராஸ்னு சொன்னா அவர் தட்ட மாட்டார். அப்பாகிட்ட நீ பேசும்மா" என்று எழுதியிருக்கிறாள். இதை மூன்று தடவை படித்தேன். தேருக்கு வந்து சிரித்துக்கொண்டு நின்றவள் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், பெற்றவனுக்குத் தெரியவில்லை. ஆகையால் மேலே எழுதியதில் சௌக்கியம் விசாரித்ததைத் தவிர எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். சில்சாரிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். எந்த ரயில், எங்கே மாற வேண்டும் என்று விவரமாக எழுதினால், பசு கன்று போட்டதும் நாங்கள் இரண்டு பேரும் புறப்படுகிறோம். இனிமேல் ஏர்போர்ட் மேனேஜருக்கு என்ன சம்பளம் என்று எவன் கேட்டாலும், மத்தியானம் வீட்டுக்கு வந்து என் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று சொல்லப் போகிறேன்.